சும்மா என்ற சொல்லை நான் அழித்த கதை

போன வாரம் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் ஆய்வேட்டின் நான்காம் இயலை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றிய ஆய்வு. பன்னிரண்டு பேரிடம் தலா ஒரு மணி நேரமாவது பேசியிருக்கிறாள். நல்ல பிள்ளை, வெயிலில் அலைந்து சேர்த்தது. திறந்தால் முதல் பக்கத்திலேயே ஆறு வண்ணத்தில் ஒரு பை சார்ட். அதற்குக் கீழே ஒரு வரி: "8.33 சதவீதப் பெண்கள் பேச்சுத்துணைக்காக வேலைக்கு வருவதாகத் தெரிவித்தனர்."

பன்னிரண்டில் 8.33 சதவீதம் என்றால் ஒரே ஒரு ஆள்.

போன் போட்டேன். "யாரும்மா அந்த 8.33?" என்றதும் சிரித்துவிட்டாள். அப்புறம் சொன்னாள். அறுபது தாண்டிய ஓர் ஆச்சி. மகன் சென்னையில். வீட்டில் பேச ஆளில்லை. கூட வேலை செய்கிறவர்களில் யாராவது ஒரு நாள் வரவில்லையென்றால் சாயங்காலம் அவர்கள் வீட்டுக்கே போய் என்ன ஏதென்று கேட்டுவிட்டு வருவாராம். கூலி வங்கியில் ஏறி இரண்டு மாதம் ஆகியும் எடுக்கவில்லையாம்.

"இதையெல்லாம் ஏன் எழுதல?"

"அது ஒருத்தங்கதானே மேடம்."

அவளைத் திட்ட வாயெடுத்தேன், வரவில்லை. என் சொந்த ஆய்வேட்டில் நான் செய்தது இதைவிட மோசம். அவள் ஆச்சியைச் சதவீதமாக்கினாள். நான் என் ஆய்வின் மையமான சொல்லையே, ஒரு முறை இரு முறை இல்லை, வந்த இடமெல்லாம் தேடித் தேடி நீக்கியிருந்தேன். இது ஏப்ரல் மாதம், ஆய்வேடு எழுதுகிறவர்கள் எல்லாரும் தலையைப் பிய்த்துக்கொள்ளும் காலம். அதனால் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என் ஆய்வு பீடி சுற்றும் பெண்களைப் பற்றியது. தென்காசிக்கும் ஆலங்குளத்துக்கும் இடைப்பட்ட மூன்று ஊர்கள். பெயர் சொல்ல மாட்டேன், காரணம் பின்னால் வரும். களப்பணி 2016 ஜூனில் தொடங்கி ஓராண்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓடியது. 31 பேட்டிகள். நான் போனபோது அந்த ஊர்கள் திருநெல்வேலி மாவட்டம். எழுதி முடிப்பதற்குள் 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது. தலைப்பு ஏற்கெனவே பல்கலைக்கழகத்தில் பதிவாகியிருந்ததால் மாற்ற முடியவில்லை. முதல் பக்கத்திலேயே ஓர் அடிக்குறிப்போடுதான் என் ஆய்வேடு ஆரம்பிக்கும்.

பேட்டிகளை எழுத்தில் பெயர்க்க எட்டு மாதம் ஆனது. காதில் ஹெட்போன், ஒரு நிமிட ஆடியோவுக்கு ஆறேழு நிமிடத் தட்டச்சு. அப்போது நான் ஒரு காரியம் செய்தேன், நல்லெண்ணத்தில்தான். எங்கள் ஊர்ப் பேச்சை அப்படியே எழுதினால் படிக்கிறவர்கள் அந்தப் பெண்களைக் கேவலமாக நினைப்பார்களோ என்று, கேட்கக் கேட்கவே மனதுக்குள் திருத்தி எழுத்துத் தமிழாக்கினேன். "சுத்துதேன்" என்பது "சுற்றுகிறேன்" ஆனது. "கேப்பாவ" என்பது "கேட்பார்கள்" ஆனது. இழுவைகள், "ஆங்"குகள், "அதான் சொல்லுதேம்லா"க்கள், சிரிப்பு, பெருமூச்சு எல்லாம் போயின. கூடவே "சும்மா"வும் போனது. பேச்சுக்கு நடுவே தானாக விழும் சொல், அர்த்தம் ஒன்றும் கிடையாது என்று நினைத்தேன். "வேல என்ன வேல... சும்மாதான் இருக்கேன், பீடி சுத்துதேன்" என்று ஓர் அக்கா சொன்னது என் கோப்பில் "நான் வீட்டில் இருந்து பீடி சுற்றுகிறேன்" என்று பதிவானது. இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. அக்காவும் இல்லை.

அதற்குப் பிறகு கோடிங். வரிக்கு வரி குறிச்சொல் போட்டு, ஒரே மாதிரி இருப்பவற்றைச் சேர்த்து, வண்ண வண்ண ஸ்டிக்கி நோட்டுகளைச் சுவரில் ஒட்டி, மின்விசிறி போட்டால் பறக்கும் என்று வியர்வையில் உட்கார்ந்து. முடிவில் எனக்குக் கிடைத்த தலைப்புகள்: வேலை, கூலி, உடல்நலம், குடும்பம், அரசுத் திட்டங்கள். கைடு சார் பார்த்தார். "இது நீ கேட்ட கேள்வித்தாள்தானே?" என்றார். கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தேன். வரிசைகூட மாறவில்லை. முப்பத்தொரு பேரிடம் பேசி, நான் போகும்போது கையில் கொண்டுபோனதையே திரும்பக் கொண்டுவந்திருக்கிறேன்.

பண்புசார் ஆய்வை, அதாவது எண்ணை விட்டுப் பேச்சையும் அனுபவத்தையும் வைத்துச் செய்யும் ஆய்வை, எழுதுகிறவர்களில் பத்தில் எட்டுப் பேர் விழும் குழி இது என்று இன்று தைரியமாகச் சொல்வேன் (சதவீதம் போடவில்லை, கவனிக்கவும்). தீம் பகுப்பாய்வு (பேட்டிகளுக்குள் ஓடும் பொதுவான கருத்துகளைத் தேடித் தொகுக்கும் முறை) என்றாலே எல்லாரும் மேற்கோள் காட்டும் வர்ஜீனியா பிரவுன், விக்டோரியா கிளார்க் இருவரும் 2006-இல் எழுதிய கட்டுரையே இதைத் தவறு என்று சொல்கிறது: பேட்டியில் கேட்ட கேள்விகளையே தீம்களாக வைத்தால் பகுப்பாய்வே நடக்கவில்லை என்று பொருள். அந்தக் கட்டுரையை என் ஆய்வேட்டில் நான்கு இடத்தில் மேற்கோள் காட்டியிருந்தேன். படித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது மாணவர்களுக்கு நான் வைத்திருக்கும் சோதனை எளிது. தலைப்பில் ஒரு வினைச்சொல் வருகிறதா, அதை யாராவது மறுத்துப் பேச முடியுமா? "கூலி" என்பதை யாரும் மறுக்க முடியாது, ஏனென்றால் அது ஒன்றும் சொல்லவில்லை. "பீடிக் காசு புருஷன் கையைத் தொடாமல் குழுக்கடனுக்குப் போகிறது" என்பதை மறுக்கலாம், எங்கே காட்டு என்று கேட்கலாம். அப்போது நீங்கள் காட்ட வேண்டியிருக்கும். அங்கேதான் எழுத்தே தொடங்குகிறது.

சரி, சும்மாவுக்கு வருகிறேன்.

முடிவுகள் இயல் நகரவில்லை. கோபத்தில் அதை மூடிவைத்துவிட்டு, சுலபமான வேலையை முடிப்போம் என்று ஆய்வு முறையியல் இயலை எடுத்தேன். முறையியல் என்றால் நமக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு: "பனிப்பந்து மாதிரி எடுப்பு முறை பயன்படுத்தப்பட்டது. தரவு நிறைவு எட்டும்வரை பேட்டிகள் தொடர்ந்தன." முந்தின வருட ஆய்வேட்டில் இருப்பதை ஊர்ப் பெயர் மாற்றி எழுதிவிடலாம். (பனிப்பந்து என்றால், பேட்டி கொடுத்தவரே அடுத்த ஆளைக் காட்டிவிட, அப்படியே ஆள் சேர்ப்பது.) நானும் எழுதினேன். ஆனால் அந்தச் சமயத்தில் ஒரு மருத்துவ சமூகவியல் இதழுக்குக் கட்டுரை அனுப்பும் ஆசை இருந்தது. அவர்கள் கோரெக் பட்டியலை நிரப்பி அனுப்பச் சொன்னார்கள். 2007-இல் வந்த பட்டியல், பேட்டி வழி ஆய்வுகளை எழுதும்போது எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று 32 அம்சங்கள். எல்லாருக்கும் இது பிடிக்காது. நல்ல ஆய்வை டிக் அடித்து அளக்க முடியுமா என்று கேட்பவர்களில் மேலே சொன்ன பிரவுனும் கிளார்க்கும் உண்டு. நியாயம்தான். ஆனால் என்னைக் காப்பாற்றியது அந்தப் பட்டியலில் ஒரு சின்னக் கேள்வி: பேட்டியின்போது பங்கேற்பாளரையும் ஆய்வாளரையும் தவிர வேறு யாராவது அங்கே இருந்தார்களா?

இருந்தார்களா என்றால்! பீடி சுற்றும் வீட்டில் தனியாக யார் இருக்கிறார்கள்? மாமியார் இருப்பார், பக்கத்து வீட்டு அக்கா இருப்பார், பள்ளி விட்டு வந்த பிள்ளை நூலை எடுத்து விளையாடும். இலையை நனைத்து ஈரத் துணியில் சுற்றி வைத்திருப்பதைப் புரட்டிக்கொண்டே ஒரு நாத்தனார் பதில் சொல்வார், நான் கேட்டது அவரை இல்லை. ஆனால் எந்தப் பேட்டியில் யார் இருந்தார்கள் என்று நான் எழுதி வைக்கவில்லை. தேதிகூடச் சரியாகப் போடவில்லை. கோப்புகளின் பெயர் ப1, ப2 என்றுதான் இருந்தது. இது எவ்வளவு பெரிய தப்பு என்றால், என் களப்பணிக்கு நடுவில்தான் 2016 நவம்பர் 8 வந்தது. அதற்கு அப்புறம் எடுத்த பேட்டிகள் எதில் ஆரம்பித்தாலும் செல்லாத நோட்டில் போய் நின்றன. எது முன், எது பின் என்று தெரியாமல் "கூலி பற்றிய கவலை" என்று பொதுவாக எழுதியிருந்தேன். நல்லவேளை, ரெக்கார்டரில் தேதி தானாகப் பதிந்திருந்தது.

ஆக, உடனிருந்தது யார் என்று கண்டுபிடிக்க 31 ஆடியோவையும் மறுபடி கேட்க உட்கார்ந்தேன். வார்த்தைக்காக இல்லை, பின்னணிக் குரல்களுக்காக. இருமல், பாத்திரச் சத்தம், "ஏட்டி, அடுப்புல என்ன கருகுது?" அப்படிக் கேட்கும்போதுதான் அந்தச் சொல் காதில் ஏறியது. சும்மா. அடுத்த ஆடியோவில் சும்மா. அதற்கடுத்ததில் "சும்மா கெடக்குற நேரத்துல சுத்துதது." கோப்பைத் திறந்து பார்த்தால் ஓரிடத்திலும் இல்லை. நானே நீக்கியது.

இரண்டு ஏ4 தாளைக் குறுக்கே ஒட்டி, ஒரு பக்கம் யார் உடனிருந்தது, மறுபக்கம் அந்த அக்கா தன் வேலையை என்ன பெயரிட்டுச் சொன்னார் என்று எழுதிக்கொண்டு வந்தேன். மாமியாரோ கணவரோ பக்கத்தில் இருந்த பேட்டிகளில் சும்மா கொட்டிக் கிடந்தது. நாலைந்து பெண்கள் வேப்பமர நிழலில் கூடி உட்கார்ந்து சுற்றும் இடங்களில் எடுத்த பேட்டிகளில் அதே வேலைக்குப் பெயர் "நம்ம தொழிலு". ஒரு தாளில் இவ்வளவு நாள் ஒளிந்திருந்தது என் ஆய்வு. முடிவுகளை எழுத உட்கார்ந்தபோது கிடைக்கவில்லை. முறையியல் இயலை ஒழுங்காக எழுத முயன்றபோது கிடைத்தது.

முதலில் ஆய்வு செய்வோம், முடித்துவிட்டு "எழுதிப் போடுவோம்" என்று நாம் பிரித்துப் பேசுகிறோம். எனக்கு அப்படி நடக்கவில்லை. எழுதும்போதுதான் என்னிடம் எது இல்லை என்று தெரிந்தது. இல்லாததைத் தேடிப் போனபோதுதான் இருப்பது தெரிந்தது.

அந்த ஒரு பத்தியை நான் எழுதிய விதத்தைக் காட்டுகிறேன். முதல் வரைவு இது, மாற்றாமல் தமிழில் தருகிறேன் (ஆய்வேடு ஆங்கிலத்தில்):

"இப்பெண்கள் தங்கள் உழைப்பை உழைப்பாகக் கருதுவதில்லை என்பது தெரிய வருகிறது. 'நான் வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்' (பங்கேற்பாளர் 7). இதிலிருந்து இவர்கள் தங்கள் உழைப்பின் மதிப்பை உணரவில்லை என்பதை அறியலாம்."

மூன்று வரி. முதல் வரி முடிவு, நடுவில் மேற்கோள், மூன்றாம் வரி அதே முடிவு மறுபடியும். மேற்கோள் நடுவில் சாட்சிக் கூண்டில் நிறுத்தப்பட்ட மாதிரி நிற்கிறது. யாரும் அதை விசாரிக்கவில்லை. அதைவிட மோசம், சொன்ன முடிவே தப்பு. மதிப்பை உணராதவரா அந்த அக்கா? இரண்டாம் வரைவு:

"பிற்பகல் மூன்று மணி. அவர் திண்ணையில், மடியில் பீடித்தட்டு. மாமியார் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில். 'இப்ப என்ன வேலை பாக்கீங்க?' என்று கேட்டேன். கை நிற்கவில்லை. இலையில் தூளை வைத்துச் சுருட்டி, நூலைச் சுற்றி, முனையை மடக்கிக்கொண்டே, 'வேல என்ன வேல... சும்மாதான் இருக்கேன், பீடி சுத்துதேன்' என்றார். 'ஆமா, வீட்லதான் கெடக்கா' என்றார் மாமியார். மாமியார் உள்ளே போனதும், தட்டில் அதுவரை எத்தனை ஆகியிருக்கும் என்று கேட்டேன். எண்ணிப் பார்க்காமல் '840' என்றார். 'நேத்து கடையில முப்பத கழிச்சுட்டான், இன்னைக்குக் கூடப் போட்டுக் கொண்டுபோவணும்.'"

இதற்குப் பிறகுதான் என் பேச்சு. ஒற்றை பீடி தப்பாமல் கணக்கு வைத்திருக்கும் ஒருவர், கணக்குக் கேட்பவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் தான் சும்மா இருப்பதாகச் சொல்கிறார். இங்கே சும்மா என்பது வேலையின் மதிப்பைப் பற்றிய கருத்து இல்லை, அந்தத் திண்ணையில் அந்த நிமிடம் அவர் செய்த ஒரு காரியம். மானுடவியலாளர் கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் 1973-இல் தத்துவவாதி கில்பர்ட் ரைலிடமிருந்து எடுத்துச் சொன்ன கண் சிமிட்டல் உதாரணம் சமூகவியல் படித்தவர்களுக்கு மனப்பாடம்: இமை துடிப்பதும் கண்ணடிப்பதும் பார்வைக்கு ஒன்றுதான், சூழலை எழுதினால்தான் எது எது என்று தெரியும். பரீட்சையில் பத்து மார்க்குக்கு எழுதியிருக்கிறேன். என் ஆடியோவில் ஓர் அக்கா எனக்குக் கண்ணடித்தபோது, தூசி விழுந்துவிட்டது என்று துடைத்துவிட்டேன்.

மேற்கோள் போடும்போது நான் பார்ப்பது மூன்றே விஷயம். யார் கேட்க, எதற்குப் பதிலாக, எங்கே வைத்து இது சொல்லப்பட்டது? மேற்கோளுக்கு அடுத்த வரி அதையே வேறு சொற்களில் திருப்பிச் சொல்கிறதா? சொன்னால் அடித்துவிடு. அப்புறம், இதற்கு எதிராகச் சொன்னவர் யார்? என் தாளில் இரண்டு பேர் பொருந்தவில்லை. ஒருவர் தனியாக இருக்கும்போதும் சும்மா என்றார். இன்னொருவர், கணவர் எதிரிலேயே, "சும்மா இருந்தா ஆயிரம் பீடிய யாரு, ஒங்க அப்பனா வந்து சுத்துவான்?" என்றார், கணவரைப் பார்த்துத்தான். ஆடியோவில் அவர் கணவர் சிரிக்கும் சத்தம்கூட இருக்கிறது. இந்த இரண்டு பேரையும் விட்டுவிட்டால் இயல் கச்சிதமாக இருந்திருக்கும். போட்டேன். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், அதிக நேரம் பேசியது இவர்களைப் பற்றித்தான்.

மொழிபெயர்ப்பு தனிக் கூத்து. சும்மாவை ஆங்கிலத்தில் என்ன செய்வது? "ஐடில்" என்று போட்டால் சோம்பேறி ஆகிவிடுகிறார். "ஜஸ்ட் லைக் தட்" என்றால் சினிமா வசனம். "நத்திங்" என்றால் என்னவோ சோகம். சொல்லைத் தமிழாகவே சாய்வெழுத்தில் வைத்துவிட்டு, நம் ஊரில் அது என்னென்ன வேலை பார்க்கும் என்று ஒரு பக்கம் எழுதினேன். சும்மா வந்தேன், சும்மா சொன்னேன், சும்மா கொடுத்தான், சும்மா சும்மா அழுகிறாள், சும்மா இருடா. வெளித் தேர்வாளர் தமிழர் இல்லை. கூகுள் மீட்டில்தான் வைவா, 2021. "ஒரே சொல் என்று எப்படிச் சொல்கிறீர்கள், ஐந்து சொல் மாதிரி இருக்கிறதே?" என்று கேட்டார். நல்ல கேள்வி. இன்றுவரை முழுப் பதில் என்னிடம் இல்லை.

என்னைப் பற்றி எவ்வளவு எழுதுவது என்பதிலும் அடிபட்டேன். என் அம்மா பீடி சுற்றியவர். நான் கல்லூரியில் சேரும்வரை எங்கள் வீட்டு வாசலில் தூள் வாசம்தான். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான உதவித்தொகை வாங்கிப் படித்தவள் நான். 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி பீடிக்கு வசூலித்த தீர்வையிலிருந்து வந்த பணம் அது. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது அந்தத் தீர்வையே இல்லாமல் போனது. இதையெல்லாம் மூன்று பக்கத்துக்கு எழுதினேன், எழுதும்போது அழுகையும் வந்தது. சார் படித்துவிட்டு, "நல்லாருக்கு. இத தனியா வச்சுக்க. இதனால உன் தரவுல என்ன மாறுச்சுன்னு மட்டும் எழுது" என்றார். அன்று அவர்மேல் வருத்தம்தான். ஆனால் அப்படி யோசித்தபோது கிடைத்தது வேறு. நான் எதைக் கேட்டாலும் பாதிப் பேர், "ஒனக்குத் தெரியாததா தாயி" என்று முடித்துவிட்டார்கள். வெளியூர்க்காரி கேட்டிருந்தால் இலை வெட்டுவதிலிருந்து விளக்கியிருப்பார்கள். என்னிடம் விளக்கவில்லை, நானும் தெரிந்த மாதிரித் தலையாட்டினேன். முதல் ஆளை அறிமுகம் செய்தது அம்மாவின் சிநேகிதி. பனிப்பந்து உருண்டதெல்லாம் அவர் தெரு, அவர் சாதி, அவர் போகும் பீடிக்கடை. அதையும் எழுதினேன். மூன்று பக்கம் முக்கால் பக்கமானது.

"தரவு நிறைவு" வரியையும் எடுத்துவிட்டேன். 1967-இல் சமூகவியலாளர்கள் கிளேசரும் ஸ்டிராஸும் அந்தக் கருத்தைச் சொன்னபோது, கேட்டதையே கேட்கிறோம் என்று அலுப்பு வருவதை நிறைவு என்று சொல்லவில்லை. ஒரு கருத்தாக்கத்தைப் பற்றிப் புதிதாக ஒன்றும் தரவிலிருந்து வராத நிலையைச் சொன்னார்கள். நான் நிறுத்தியதற்குக் காரணம் உதவித்தொகைக் காலம் முடிந்ததும், எனக்குக் கல்லூரியில் வேலை கிடைத்ததும். அதையே எழுதினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். பங்கேற்பாளர் 7 என்று போடுவது எனக்குப் பிடிக்கவில்லை, ரேஷன் கடை வரிசை மாதிரி இருந்தது. புனைபெயர் வைக்கலாம் என்று அவரவரிடமே கேட்டேன். திண்ணை அக்கா யோசிக்கவே இல்லை. "சரோஜாதேவின்னு போடு." அவர் வயதுக்குப் பொருந்தாத பெயர் என்றேன். "எனக்குப் பொருந்தாதா?" என்றார். ஆய்வேடு முழுக்க அவர் சரோஜாதேவிதான். ஆனால் பெயரை மாற்றினால் ஆளை மறைத்துவிட்டோம் என்று நினைப்பது மாயை. முதல் வரைவில் சரோஜாதேவியைப் பற்றி, பீடிக்கடைக்கு எதிர் வீடு, கணவர் கேரளாவில் பேக்கரி வேலை, இரட்டைப் பிள்ளைகள் என்று எழுதியிருந்தேன். அந்த ஊரில் யாரிடம் காட்டினாலும் அரை நொடியில் வீட்டு நம்பர் சொல்வார்கள். நான்சி ஷெப்பர்-ஹியூஸ் என்ற மானுடவியலாளர் 1979-இல் அயர்லாந்துக் கிராமம் ஒன்றைப் பற்றிப் பெயரை மாற்றித்தான் எழுதினார். எந்த ஊர் என்று ஒரு பத்திரிகையாளர் கண்டுபிடித்தார், யார் யாரென்று ஊர்க்காரர்களே கண்டுகொண்டார்கள். இருபது வருடம் கழித்து அவர் திரும்பிப் போனபோது ஊரைவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு அந்த ஊர்களில் அத்தை, சித்தி, மதினி எல்லாரும் இருக்கிறார்கள். கணவர் ஊரை மாற்றினேன், இரட்டையரை எடுத்தேன், எதை மாற்றினேன் என்று சொல்லாமல், மாற்றியிருக்கிறேன் என்பதை மட்டும் முறையியலில் சொன்னேன்.

மற்ற இயல்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இலக்கிய மீளாய்வைக் கடைசியில் திருத்தி எழுதுங்கள். ஆரம்பத்தில் எழுதியது நீங்கள் செய்யாத வேறோர் ஆய்வுக்கானதாக இருக்கும். பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2018-இல் யுஜிசி விதி வந்ததிலிருந்து பிள்ளைகள் நல்ல வாக்கியத்தைக்கூட முறுக்கி எழுதுகிறார்கள். மேற்கோள் குறிபோட்டு, யார் சொன்னது என்று எழுதுங்கள், போதும்.

ஒன்றை மட்டும் சத்தமாகச் சொல்வேன்: நோட்டைப் பத்திரமாக வையுங்கள். சமூகவியலாளர் எம்.என். ஸ்ரீனிவாஸ் 1948-இல் மைசூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் தங்கி ஆய்வு செய்து, அந்தக் குறிப்புகளை வருடக்கணக்கில் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தார். 1970 ஏப்ரலில் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் அவர் இருந்த ஆய்வு மையத்துக்கு யாரோ தீ வைத்ததில் அப்படி ஒழுங்கு செய்த குறிப்புகளின் மூன்று பிரதிகளும் எரிந்தன. நினைவிலிருந்தே எழுதி 1976-இல் புத்தகமாக்கினார், அது பெயர் பெற்ற நூலாகிவிட்டது. இதைச் சொன்னால் பிள்ளைகள் "அப்ப நோட்டு இல்லன்னாலும் எழுதலாம்ல மேடம்" என்கிறார்கள். நீங்கள் எம்.என். ஸ்ரீனிவாஸ் என்றால் எழுதலாம். மூன்று பிரதியையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

இயலை எழுதி முடித்ததும் சரோஜாதேவி அக்காவிடம் படித்துக் காட்டப் போனேன். பங்கேற்பாளரிடமே திரும்பக் காட்டுவது நம்பகத்தன்மைக்கு நல்லது என்று ஆய்வு முறையியல் எழுதிய லிங்கனும் கூபாவும் 1985-இல் சொல்லியிருக்கிறார்கள். நானும் அந்த ஒரு டிக்குக்காகத்தான் போனேன். மாமியார் அதற்குள் தவறிவிட்டார். அக்கா அதே திண்ணையில், மடியில் தட்டு. நான் ஆங்கிலத்தைத் தமிழாக்கிச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தார். சும்மா வந்த இடத்தில் கை நின்றது.

"அது மாமியாளுக்காவ சொன்னேன்னா எழுதிருக்க?"

"இல்லையாக்கா?"

"நீ நோட்டு வச்சுருந்த. கணக்கெடுக்க வந்தவன்னு நெனச்சேன். வேல பாக்கேன்னு சொன்னா, அந்தக் காசு எங்கன்னு கேப்பாவ. அது மாமியாளும் கேப்பா, நீயும் கேப்ப, கெவர்மெண்டும் கேக்கும். சும்மா இருக்கேன்னா யாரும் கேக்க மாட்டாவ."

அப்புறம் மறுபடி சுற்ற ஆரம்பித்தார்.

என் அழகான தாள் அங்கேயே கிழிந்தது. உடனிருந்தவர்கள் பத்தியில் நான் என்னைச் சேர்க்கவில்லை. எல்லாப் பேட்டியிலும் நோட்டோடு நான் உட்கார்ந்திருந்தேன். வேப்பமரத்தடியில் எடுத்தவற்றில் மட்டும் நோட்டு பையில் இருந்தது. அங்கே எழுத வசதி இல்லாமல் ரெக்கார்டர் மட்டும் வைத்திருந்தேன். அப்படியானால் மாமியாரா, நோட்டா? தெரியவில்லை. இரண்டு விளக்கத்தையும் வைத்து, அக்காவின் திருத்தத்தையும் அவர் சொன்ன மாதிரியே போட்டு, இயலில் ஐந்து பக்கம் கூட்டினேன். சமர்ப்பிக்கும் தேதி ஒரு மாதம் தள்ளிப்போனது. சார் இந்த முறை ஒன்றும் வெட்டவில்லை.

இதையெல்லாம் சுருக்கமாக அந்த மாணவிக்குப் போனில் சொன்னேன். ஆச்சியை எழுது, ஆச்சி ஒருத்தர்தான் என்பதையும் எழுது, மற்ற பதினோரு பேரும் ஏன் அப்படிச் சொல்லவில்லை என்று யோசி என்றேன். எல்லாவற்றுக்கும் "சரிங்க மேடம்" போட்டாள். இன்று காலை செய்தி வந்திருக்கிறது: "மேடம், பை சார்ட்டை எடுத்துட்டேன். பார் சார்ட் போடலாமா?"

திங்கட்கிழமை டிபார்ட்மெண்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். லேப்டாப் வேண்டாம், ஆச்சியின் ஆடியோவும் ஹெட்போனும் மட்டும் கொண்டுவா என்று.